ஆயிரம் பேர் பத்தாயிரம் பேரை விரட்டியது எப்படி? அடையாறு 1746, ஆற்காடு 1751

அடையாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். பல நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

மந்தைவெளியிலிருந்து தினமும் திரு.வி.க. பாலம் தாண்டி வேலைக்குப் போகிறேன். மாலையில் திரும்பும்போது பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்துதான் வரும். ஜன்னல் வழியே பார்த்தால் முகத்துவாரம், உடைந்த பாலம், கொக்குகள். தண்ணீர் வற்றிய நாட்களில் மணல்திட்டு வெளியே தெரியும். இந்த ஆற்றில்தான் 1746-இல் பாரடிஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் தலைமையில் பிரெஞ்சுப் படை இறங்கி நடந்து வந்தது. எல்லாம் சேர்த்து ஆயிரம் பேர் அளவில்தான். அதிலும் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள். எதிரே சாந்தோம் பக்கக் கரையில் ஆற்காட்டு நவாப் அன்வருதீனின் மகன் மாபூஸ்கான், சுமார் பத்தாயிரம் பேரோடு. அன்றைக்கே நவாப் படை சிதறி ஓடிவிட்டது.

ஐந்து வருடம் கழித்து ஆற்காட்டுக் கோட்டையில் இன்னொன்று. ஆங்கிலேயக் கம்பெனியின் ராபர்ட் கிளைவிடம் முற்றுகை தொடங்கும்போது 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும்தான். வெளியே, பிரெஞ்சுக்காரர் ஆதரவோடு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ரசா சாகிப், அவரும் பத்தாயிரம் பேரோடு. ஐம்பது நாள் முற்றுகை. கடைசியில் வெளியே இருந்தவர்கள்தான் இரவோடு இரவாகக் கிளம்பிப் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்ன பதில், அவர்களிடம் துப்பாக்கி, நம்மிடம் வாள் என்பது. ஆனால் நவாபிடமும் துப்பாக்கி இருந்தது, பீரங்கியும் இருந்தது. அப்புறம் எப்படி? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

மயிலை மாணவன்

அண்ணா, நான் வரலாறு இரண்டாம் ஆண்டு. எங்கள் வகுப்பில் சொன்னது பயிற்சிதான். ஒரே நேரத்தில் சுடுவது, வரிசை கலையாமல் நிற்பது. தொழில்நுட்பத்தைவிட ஒழுங்கு முக்கியம் என்றார்கள். இதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. படிக்கக் காத்திருக்கிறேன்.

கோட்டைவாசல்

நல்ல கேள்வி. அடையாற்றிலிருந்தே தொடங்குவோம். அங்கே நடந்தது ஒரு சண்டை அல்ல, இரண்டு. முதலாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் தேதி. ஆங்கிலேயர் எழுதிய கணக்கில் அடையாறு போர் அக்டோபர் 24. பிரெஞ்சுக் கணக்கில் நவம்பர் 4. இரண்டும் ஒரே நாள்தான். ஆங்கிலேயர் 1752 வரை பழைய காலண்டரை வைத்திருந்தார்கள், அதனால் 11 நாள் வித்தியாசம். இணையத்தில் இதை வைத்துத் தேவையில்லாமல் சண்டை போடுகிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா போர்தொனே சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். நவாபுக்குக் கோபம். மகனை அனுப்பிக் கோட்டையைச் சுற்றி வளைத்தார். உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரருக்குக் குடிதண்ணீர் நெருக்கடி. அடையாறு போருக்கு இரண்டு நாள் முன்பு, கோட்டைக்குள் இருந்து நானூறு பேர் இரண்டு சிறு பீரங்கிகளோடு வெளியே வந்தார்கள். நவாபின் குதிரைப்படை பாய்ந்து வந்தது. முன்னால் நின்ற ஆட்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள், பின்னால் மறைத்து வைத்திருந்த பீரங்கி வெடித்தது. குதிரைக்காரர்கள் திகைத்தாலும் கலையவில்லை. அவர்கள் பழகிய பீரங்கி, ஒரு முறை வெடித்தால் மறுபடி வெடிக்கக் கால் மணி நேரம் ஆகும். சரி, இனி நேரம் இருக்கிறது என்று நின்றார்கள். உடனே இரண்டாவது குண்டு வந்தது. அப்புறம் மூன்றாவது. அதோடு திரும்பி ஓட்டம்தான்.

அந்த ஆட்களைக் கோழை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வாழ்நாள் அனுபவம் அவர்களுக்குச் சொன்ன கணக்கு ஒன்று. கண் முன்னால் நடந்தது வேறு. யோசிக்கவும் நேரம் இல்லை.

இன்னொன்று குதிரை. நவாப் படையில் குதிரைக்காரன் தன் சொந்தக் குதிரையோடு வந்து வேலைக்குச் சேர்ந்தவன். சம்பளம் அந்தக் குதிரைக்கும் சேர்த்துத்தான். குதிரை செத்தால் அவன் பிழைப்பு போயிற்று, வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. அப்படி இருப்பவன் குண்டு மழைக்குள் குதிரையை விட யோசிக்கத்தான் செய்வான்.

இரண்டு நாள் கழித்துப் புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸிடம் பீரங்கியே இல்லை. இதைக் கவனியுங்கள். எதிர்க்கரையில்தான் பீரங்கி இருந்தது. அவர் நிற்காமல் ஆற்றில் இறங்கிக் கரையேறி, ஒரு முறை மொத்தமாகச் சுட்டுவிட்டு, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு நேராகப் பாய்ந்தார். கோட்டையிலிருந்து வரவேண்டிய உதவிப்படை தாமதமாகத்தான் வந்தது. அதற்காக அவர் காத்திருக்கவில்லை. நவாப் ஆட்கள் சாந்தோம் ஊருக்குள் பின்வாங்கினார்கள். அந்தத் தெருக்களில் ஆளும் குதிரையும் மாடும் நெரிந்து நின்ற இடத்தில்தான் பெரிய சேதம்.

ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த காலம் இது. புதுச்சேரியில் இருந்து சென்னைச் செய்திகளை அன்றாடம் கேட்டு எழுதி வைத்தவர். நம் மொழியில், அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட சாட்சி. மாணவத் தம்பி, அதிலிருந்து தொடங்குங்கள்.

கணக்குப்பிள்ளை

கோட்டைவாசல் சார் குதிரைக் கதையில் தொட்டதை நான் நீட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் சம்பளம் இருக்கிறது.

கம்பெனிச் சிப்பாய்க்கும் பாக்கி விழும், ஆனாலும் பெரும்பாலும் கைக்குக் காசு வந்துவிடும். நவாப், பாளையக்காரர் சண்டைகளில் பாதிப் படைக்கு மாதக்கணக்கில் பாக்கி. முற்றுகை நீண்டால் வெளியே இருக்கும் பெரிய படைதான் முதலில் கரையும். பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை அரிசி, குதிரைக்கு எவ்வளவு கொள்ளு, எவ்வளவு புல்? ஒரு மண்டபத்தில் ஆயிரம் பேருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டவருக்குத் தெரியும். அதைப் பத்து மடங்காக்கி, ஐம்பது நாள் தொடர்ந்து போடுங்கள்.

பாஞ்சை மண்

மன்னிக்கவும், எனக்கு இந்த இழை போகும் போக்கு கொஞ்சம் வலிக்கிறது. வெள்ளைக்காரனுக்குத்தான் ஒழுங்கு, நமக்கு இல்லை என்பது போல ஆகிவிடக் கூடாது.

நான் தூத்துக்குடி பக்கம். பெரம்பூரில் இருபது வருடமாக இருக்கிறேன். எங்கள் ஊர்க் கதையையும் இங்கே வைக்க வேண்டும். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மேல் ஏவிய படை முதல் தாக்குதலில் அதிகாரிகளையே பலி கொடுத்துத் திரும்பியது. கோட்டையைக் கம்பெனி பிறகு இடித்துத் தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். ஊர் மக்கள் சேர்ந்து சில நாட்களுக்குள் மண்ணாலேயே கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். மார்ச் கடைசியில் மேஜர் மெக்காலே பீரங்கியோடு வந்தார். சுவரில் உடைப்பு விழுந்தது. கம்பெனிப் படை அதில் ஏறியது. ஆனால் உள்ளே இறங்க முடியவில்லை. உடைப்புக்குப் பின்னால் வல்லயத்தோடு, அதாவது நீண்ட ஈட்டியோடு, எங்கள் ஆட்கள் நின்றார்கள். ஏறி வந்தவர்கள் பலத்த சேதத்தோடு திரும்பினார்கள். மே மாதம் கர்னல் அக்னியூ பெரும்படையும் கூடுதல் பீரங்கியும் கொண்டு வந்த பிறகுதான் கோட்டை விழுந்தது.

அதாவது நல்ல துப்பாக்கி, நல்ல பயிற்சி, நேரத்துக்குச் சம்பளம், எல்லாம் வெளியே இருந்தது. வல்லயமும் மண்சுவரும் உள்ளே இருந்தது. அன்று உள்ளே இருந்தவர்கள்தான் வென்றார்கள். இதற்கு உங்கள் விளக்கம் என்ன?

பழைய சுபேதார்

பாஞ்சை மண் தம்பி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது ஆவடியில். எங்கள் ரெஜிமெண்ட் தன் பிறப்பை 1758-க்குக் கொண்டுபோய் வைக்கும். அதனால் இந்தக் கதைகள் எங்களுக்கு வீட்டுக் கதை மாதிரி.

பத்தாயிரம் பேர் என்பது காகிதத்தில்தான் பத்தாயிரம். சுவரில் ஒரு உடைப்பு விழுகிறது. அதில் தோளோடு தோள் நின்று பத்துப் பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் சண்டை பத்துப் பேருக்கும், எதிரே காத்திருக்கிற ஐம்பது பேருக்கும்தான். மீதி 9,990 பேரும் பின்னால் நிற்கிறார்கள். சுடவும் முடியாது, சுட்டால் தங்கள் ஆள் முதுகில்தான் படும். முன்னால் விழுந்தவனை மிதித்துத்தான் அடுத்தவன் ஏற வேண்டும். கூட்டம் பெரிதாக இருப்பது அங்கே பலம் இல்லை, நெரிசல்.

பாஞ்சாலங்குறிச்சியில் நடந்தது அதுதான். துப்பாக்கிக்காரன் உடைப்பின் உச்சியில் நிற்கும்போது அவன் வரிசையும் இல்லை, மொத்தமாகச் சுடுவதும் இல்லை. நீண்ட வல்லயம் அவன் கத்திக்கு முன்னால் அவனை எட்டிவிடும். தனக்கு எது வசதியோ அந்தச் சண்டையை எதிரி போடும்படி ஊமைத்துரையின் ஆட்கள் செய்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய ஒழுங்கு எது?

இப்போது ஆற்காடு. கடைசித் தாக்குதல் 1751 நவம்பர் 14, முஹர்ரம் சமயத்தில், விடியற்காலை. அப்போது உள்ளே சண்டை போடும் நிலையில் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும். மொத்தம் 200. சுமார் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் செலவழித்த தோட்டா 12,000. வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு அறுபது, நிமிடத்துக்கு ஒன்று.

நிமிடத்துக்கு ஒன்று என்றால் என்ன என்று சொல்கிறேன். அன்றைய தோட்டா ஒரு காகிதச் சுருள். உள்ளே மருந்தும் ஈயக் குண்டும். அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைப் பக்கத்துக் கிண்ணியில் போட்டு மூடி, மீதியைக் குழாய் வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் திணித்து, இரும்புக் குச்சியை உருவி இடித்து, குச்சியைத் திரும்பச் செருகி, பிறகுதான் தோளில் வைக்க வேண்டும். மருந்தில் வெடியுப்பு இருக்கும். ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் நாக்கில் படும். பத்துத் தோட்டாவில் வாய் உலர்ந்துவிடும். இருபது, முப்பதில் குழாய் கை வைக்க முடியாமல் சுடும், உள்ளே கரி படிந்து குண்டு இறங்க மறுக்கும். அறுபது தோட்டா!

அதனால் அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பின்னால் இருப்பவர்கள் நிரப்பி நிரப்பி முன்னால் தள்ள, முன்னால் இருப்பவர்கள் வாங்கிச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். சுவர் உடைந்த இடத்துக்குப் பின்னால் ஏற்கெனவே பள்ளம் வெட்டித் தடுப்பு எழுப்பியிருந்தார்கள். வெளியிலிருந்து உடைப்பைத் தாண்டியவர்கள் மூச்சு வாங்க இடமில்லாமல் அடுத்த தடுப்பின் முன் மாட்டினார்கள். கதவை முட்ட நெற்றியில் இரும்புத் தகடு கட்டி யானைகளைக் கொண்டுவந்தார்கள். குண்டு பட்டதும் அவை திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. அகழியில் தெப்பம் விட்டு வந்தவர்கள் மேல் கிளைவ் தானே ஒரு பீரங்கியைத் திருப்பிச் சுட்டார்.

உள்ளே இறந்தவர்கள் நாலு பேர். வெளியே இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் நானூறு.

ராணிப்பேட்டை மலர்

சுபேதார் ஐயா, படிக்கும்போதே வாய் உலர்ந்துவிட்டது. எனக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான், இப்போது வில்லிவாக்கம். ஆற்காட்டுக் கோட்டை என்று இன்று தேடிப் போனால் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மட்டும்தான் கிடைக்கும். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய் அதன் அடியில் நிறுத்தி, இங்கேதான் கிளைவ் இருந்தார் என்பார். இத்தனை சின்ன வாசலா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது நீங்கள் சொன்ன பிறகுதான், சின்னதாக இருந்ததுதான் விஷயம் என்று புரிகிறது.

கஞ்சிக் கதையை யாரும் இன்னும் சொல்லவில்லை. அரிசி தீர்ந்து வரும்போது நம் சிப்பாய்கள் கிளைவிடம் போய், சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். எங்கள் ஊரில் இதைச் சொல்லாத வாத்தியார் இல்லை. இது உண்மையா?

எனக்கு ஒன்று தோன்றும். இங்கிலீஷில் படிக்கிறவர்களுக்கு இது பட்டினி கிடந்த தியாகம் மாதிரி இருக்கும். வடிகஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறு மாதிரி. எங்கள் பாட்டி உலைச் சோற்றை வடித்து, அந்தச் சூட்டிலேயே கல்லுப்பு போட்டு, முதல் டம்ளரைக் கொல்லையில் வேலை செய்கிற தாத்தாவுக்குத்தான் கொடுப்பார். சத்து அதில்தான் என்பார். அந்தச் சிப்பாய்களுக்குத் தாங்கள் எதைக் கேட்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கும்.

கோட்டைவாசல்

மலர் அம்மா, கஞ்சிக் கதை அந்தக் காலத்துக்கு மிக அருகில் எழுதிய ராபர்ட் ஓர்மிடம் இல்லை. அவர் சென்னைக் கவுன்சிலில் இருந்தவர், கிளைவின் நண்பர். அவ்வளவு நல்ல கதை தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். பிற்காலத்தில் கிளைவைப் பற்றி எழுதியவர்களிடம்தான் வருகிறது. அதனால் நான் அதை நடந்த செய்தியாக எடுப்பதில்லை. ஆனால் 200 பேரில் 120 பேர் நம்மவர்கள் என்பது கதை அல்ல, கணக்கு. அந்த 120 பேர் இல்லாமல் சுவரை அரை மணி நேரம்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது. அவர்கள் பெயர் ஒன்றுகூடப் பாடப்புத்தகத்தில் இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

மயிலை மாணவன்

சுபேதார் ஐயா சொன்னது நன்றாகப் புரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம். உடைப்பில் ஏறினால் சாவு என்று தெரிந்தும் ரசா சாகிப் ஏன் ஏறச் சொன்னார்? சும்மா உட்கார்ந்திருந்தால் உள்ளே இருப்பவர்கள் பசியில் சரணடைந்திருப்பார்களே?

இன்னொன்று, சாராகடி பற்றியும் சொல்லலாமே. 21 சீக்கியர்கள் ஆயிரக்கணக்கானோரை எதிர்த்தது.

கோட்டைவாசல்

சாராகடி 1897. அந்த 21 பேரும் கடைசிவரை நின்று உயிரை விட்டார்கள். வணங்க வேண்டிய சாவு. ஆனால் அந்தக் காவல் அரண் விழுந்துவிட்டது. நாம் பேசுவது எப்படி வெல்ல முடியும் என்று. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

முதல் கேள்விதான் முக்கியம். ரசா சாகிப்புக்கு உட்கார நேரம் இல்லை. முராரி ராவ் என்ற மராட்டியத் தலைவர் ஆறாயிரம் குதிரைப்படையோடு மேற்கே காத்திருந்தார். திருச்சியில் முற்றுகைக்குள் இருந்த, ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலிக்கு உதவுவதாகப் பேசிக்கொண்டு வந்தவர்தான், ஆனால் யார் ஜெயிப்பார் என்று பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். ஆற்காடு விழவில்லை என்று தெரியத் தெரிய அவர் மனம் கிளைவ் பக்கம் சாய்ந்தது. இன்னொரு பக்கம் சென்னையிலிருந்து கில்பாட்ரிக் தலைமையில் உதவிப்படை கிளம்பிவிட்டது. ரசா சாகிப் முதலில் கிளைவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார், மறுத்தால் கோட்டையைத் தாக்கி எல்லோரையும் வெட்டுவேன் என்றார். இரண்டும் நடக்கவில்லை. மராட்டியர் வருவதற்குள் முடிக்க வேண்டும். அதனால்தான் உடைப்பில் ஏற வேண்டியதாயிற்று.

உதவி வரும் என்ற நம்பிக்கை உள்ளே இருப்பவனைத் தாங்கும். வெளியே இருப்பவனை அதே செய்தி அவசரப்படுத்தும். இதற்கு ஆற்காடு வரை போக வேண்டாம், நம் சென்னைக் கோட்டையையே பாருங்கள். 1746-இல் இதே கோட்டை சில நாள் குண்டுவீச்சிலேயே சரணடைந்தது. செத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஏன்? ஆங்கிலக் கடற்படைத் தளபதி பெய்ட்டனின் கப்பல்கள் வங்காளத்துக்குப் போய்விட்டன. கடலில் யாரும் வரப்போவதில்லை என்று கவர்னர் மோர்ஸுக்குத் தெரியும். சுவரும் மோசம்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து வளைத்தார். இந்த முறை சுவரைப் புதுப்பித்திருந்தார்கள். உள்ளே கவர்னர் பிகாட், படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், சுமார் 1,700 ஐரோப்பியர், 2,200 சிப்பாய்கள். இதைச் சிறு படை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடம் ஒன்றுதான். செங்கல்பட்டிலிருந்து யூசுப் கான், நம் மருதநாயகம், லாலியின் முதுகுப் பக்கம் ஓயாமல் வந்து தாக்கி, அவருக்கு வரும் தானியத்தையும் மாட்டையும் தடுத்தார். லாலி படைக்குச் சம்பளம் இல்லை. கணக்குப்பிள்ளை சார் சொன்னது அப்படியே நடந்தது. 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் வந்து நின்றன. மறுநாள் லாலி பீரங்கிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். 67 நாள்.

மெரினாவில் நின்று கிழக்கே பார்க்கும்போது எனக்கு எப்போதும் அந்தப் பாய்மரங்கள்தான் நினைவுக்கு வரும். கோட்டைக்கு நாலு சுவர் என்பார்கள், கடல் பக்கம் திறந்திருந்த ஐந்தாவது வாசலை மறந்துவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை

எண்ணிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை. ரசா சாகிப்பின் பத்தாயிரத்தில் பாதிப் பேர் பியூன்கள் என்று அப்போது சொல்லப்பட்ட ஆட்கள், திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கியோ வேலோ வைத்திருந்த கூலிப் படை. ஓர்ம் கணக்கே அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் 150 பேர் இருந்தார்கள், கடைசித் தாக்குதலில் அவர்களில் பெரும்பாலோர் தூரத்தில் நின்று பார்த்தார்களே தவிர ஏறவில்லை. வெளியே நின்றது ஒரே படை அல்ல. ஆளுக்கொரு நோக்கம் கொண்ட நாலைந்து கூட்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. வென்ற சிறு படைகளைத்தான் நாம் பேசுகிறோம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை என்ன ஆனது? அதே பயிற்சி, அதே துப்பாக்கி, அதே மெட்ராஸ் சிப்பாய்கள். சுமார் 3,800 பேர். ஹைதரும் திப்புவும் திறந்த வெளியில் வளைத்துக்கொண்டார்கள். மருந்து வண்டிகள் வெடித்தன. பக்கத்தில் காஞ்சிபுரத்திலேயே இருந்த கம்பெனித் தளபதி மன்றோ உதவிக்கு வரவில்லை. படையே அழிந்தது. சுவரும் இல்லை, உதவியும் இல்லை. பயிற்சியே காரணம் என்றால் பெய்லி தோற்றிருக்கக் கூடாது.

பழைய சுபேதார்

பொள்ளிலூரைக் கொண்டுவந்ததற்கு நன்றி. எனக்கு இதில் மிகத் தெளிவான உதாரணம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1879 ஜனவரி 22. ஒரே நாள். ஒரே பிரிட்டிஷ் படை, ஒரே துப்பாக்கி, எதிரே ஒரே ஜூலு வீரர்கள். நண்பகலில் இசாண்டில்வானாவில் திறந்த வெளியில் நீட்டி நின்ற படை வளைக்கப்பட்டு, ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். மாலையில் சில மைல் தள்ளி ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் நூற்றைம்பது பேர் மூவாயிரம், நாலாயிரம் ஜூலுக்களை விடியும்வரை தாங்கினார்கள். வித்தியாசம் என்ன? சோள மூட்டையும் பிஸ்கட் பெட்டியும். அதை அடுக்கி மார்பளவு சுவர் கட்டிக்கொண்டார்கள். இடம் போதவில்லை என்றதும் உள்ளே இன்னொரு சின்னச் சுவர் கட்டி அதற்குள் சுருங்கினார்கள். ஜூலுக்கள் அன்று காட்டிய வீரத்துக்கு நான் தொப்பியைக் கழற்றுவேன். ஆனால் அத்தனை பேரும் அந்தச் சின்னச் சுவரை ஒரே நேரத்தில் தொட முடியவில்லை.

நம் பக்கத்திலேயே வந்தவாசி. 1780-இல் லெப்டினன்ட் பிளின்ட் சுமார் நூறு சிப்பாய்களோடு அந்தக் கோட்டைக்குள் போனார். உள்ளே பீரங்கி தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. வெடிமருந்தை அங்கேயே செய்தார்கள், ஊர்க்காரர்களுக்குப் பீரங்கி பழக்கினார்கள். ஹைதர் படை மாதக்கணக்கில் முயன்றும் கோட்டை விழவில்லை. 1781 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட் வரும்வரை தாங்கியது. எனக்குப் பிடித்த முற்றுகை இதுதான்.

பாஞ்சை மண்

ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. மனம் சமாதானமாயிற்று. மருதநாயகம் பெயர் வந்ததால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். லாலியிடமிருந்து சென்னையைக் காத்த அதே மனிதர் 1763, 64-இல் மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு கம்பெனியையும் நவாபையும் எதிர்த்தார். 1764 ஜூனில் அவர்கள் ஏறிய பெரிய தாக்குதலை அடித்து விரட்டினார். சுவர் தோற்கவில்லை. அக்டோபரில் அவருடைய சொந்த ஆட்களே அவரைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் கொடுத்தார்கள். தூக்கில் போட்டார்கள். உதவி வர வழி இல்லை, தானியம் இல்லை, உள்ளே மனம் உடைந்துவிட்டது. சுபேதார் ஐயா சொன்ன உடைப்பு அங்கே சுவரில் விழவில்லை, ஆட்களுக்குள் விழுந்தது.

ராணிப்பேட்டை மலர்

எங்கள் பக்கத்து 1806-உம் அப்படித்தான். ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டை முழுவதும் சிப்பாய்கள் கையில். வாசலுக்கு மேல் மதிலில் மட்டும் கொஞ்சம் வெள்ளைக்காரர்கள் தோட்டா தீர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெளி வாசல்களை யாரும் மூடிக் காக்கவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டிலிருந்து ஜில்லெஸ்பி குதிரையில் காலையிலேயே வந்துவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். அந்த வாசலை மூடியிருந்தால் என்று எங்கள் அப்பா இன்றைக்கும் சொல்லி வருத்தப்படுவார்.

அடையாற்றங்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாரமாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, நேற்று வேலைக்கு லீவு போட்டு ஆற்றங்கரையிலிருந்து சாந்தோம் வரை நடந்தேன். குவிபிள் தீவுக் கல்லறைப் பக்கம் இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் குறைவாக இருந்தது. ஒருவர் வலையோடு இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். ஆழம் எப்படி என்று கேட்டேன். தெரிந்து நடந்தால் நடக்கலாம் சார், தெரியாமல் இறங்காதீர்கள் என்றார்.

அப்புறம் சாந்தோம் பக்கத் தெருக்களுக்குள் போனேன். 1746-இல் இருந்த தெரு இது அல்ல என்று தெரியும். ஆனாலும் ஒரு சந்தில் தண்ணீர் லாரி ஒன்று நின்று குழாய் போட்டுக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு ஆட்டோ, பின்னால் ஒரு பள்ளி வேன், அதற்கும் பின்னால் பைக்குகள். வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பைக்காரர்கள் இடுக்கில் நுழையப் பார்க்கிறார்கள், ஒரு அம்மா குடத்தோடு சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். முப்பது நாற்பது பேர்தான் இருப்போம். ஏழெட்டு நிமிடம் யாராலும் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை. குதிரைகளும் மாடுகளும் சேர்ந்து பத்தாயிரம் பேரோடு மாபூஸ்கான் இப்படி ஒரு தெருவுக்குள்தான் பின்வாங்கினார்.